மெழுகு தந்த உரு: தீயின் வழியும் மின்னின் வழியும்

உலோகத்துக்கென்று இயல்பான உருவம் ஒன்று இல்லை. உருகிய பொன், தான் வார்க்கப்படும் கலத்தின் வடிவையே கொள்ளும். அதற்குக் கண்ணும் மூக்கும், மடிப்பும் மாலையும் அமைத்துத் தருவதற்கு மனிதன் நெடுங்காலமாகத் துணைகொண்ட பொருள் தேன்மெழுகு. விரலின் சூட்டில் இளகி, நகத்தின் கீறலைக்கூட ஏற்றுக்கொண்டு, 65 பாகை வெப்பத்தை எட்டுமுன்பே உருகி ஓடிவிடுகின்ற இம் மென்பொருளே வன்பொருளாகிய உலோகத்துக்கு உருவத்தை ஈந்து தான் மறைகின்றது. மெழுகின் உருவத்தை உலோகத்துக்கு மாற்ற இரு வழிகள் உள. ஒன்று தீயின் வழி. அது பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. மற்றது மின்னின் வழி. அதற்கு இன்னும் இரு நூற்றாண்டு நிறையவில்லை. இவ்விரு வழிகளின் வரலாற்றிலும் இலங்கைத் தீவுக்குப் பங்குண்டு. அப்பங்கு இன்னதென்று அறிந்துகொள்வது, நம்மிடம் எஞ்சியுள்ள செல்வங்களை எவ்வாறு காப்பது என்ற வினாவுக்கும் ஒருவாறு விடை தரும்.

கிழக்கிலங்கையிற் கல்முனைக்கு அண்மையில், சம்மாந்துறையை அடுத்து அமைந்த ஊர் வீரமுனை. அவ்வூர்ச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலைப் பற்றிய ஐதிகம் கிழக்குக் கரையெங்கும் வழங்குவது. சோழ நாட்டு இளவரசி சீர்பாததேவி தன் கணவன் வாலசிங்கனுடன் கடல்வழி வருகையிற் கப்பல் திருகோணமலைக்கு அருகே தடைப்பட்டது என்றும், அவ்விடத்துக் கடலிற் கிடைத்த பிள்ளையார் திருவுருவை எடுத்து, கப்பல் எங்கே தங்குமோ அங்கே கோயில் எடுப்பதாக நேர்ந்துகொண்டனர் என்றும், கப்பல் வீரமுனையில் வந்து தங்கிற்று என்றும் அது கூறும். ஐதிகத்தை ஐதிகமாகவே கொள்ளுதல் வரலாற்று முறை. ஆயினும் அதனுள்ளே ஓர் உண்மை பொதிந்துள்ளது. தெய்வத் திருவுருவங்களும், அவற்றை வழிபடும் முறையும், அவற்றை ஆக்கும் கலையும் இக்கரைக்குக் கடலோடு வந்து போயின என்பதே அவ்வுண்மை.

அக்கடல்வழிப் போக்குவரவுக்குச் சான்று பகரும் ஓர் உருவம் இன்று இலண்டன் மாநகரில் நிற்கின்றது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையிற் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தாரை என்னும் பௌத்த தெய்வத்தின் திருமேனி அது. ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 143 சென்ரிமீற்றர் உயரமுடையது. வெண்கலத்தில் வார்த்துப் பொன் முலாம் பூசப்பெற்றது. 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் அதனைப் பெற்று, 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார். அம்மேனி பொள்ளலாக வார்க்கப்பட்டதன்று. முற்றிலும் கனமாக வார்க்கப்பட்டது. ஓர் ஆளின் உயரத்தை நெருங்கும் உருவத்தைக் கனமாக வார்ப்பதென்றால், எவ்வளவு உலோகம், எவ்வளவு தீ, எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அவ்வார்ப்பு முறையை வடநூலார் மதூச்சிட்ட விதானம் என்பர். தேன் எடுத்த பின் எஞ்சுவதாகிய மெழுகைக் கொண்டு செய்வது என்பது அதன் பொருள். தமிழகத்தில் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் வாழும் தபதியர் இன்றும் அம்முறையைக் கையாளுகின்றனர். தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் சிறிது எண்ணெயையும் சேர்த்துப் பதமாக்கி, உறுப்புகளைத் தனித்தனியே செய்து பொருத்தி, நுண்ணிய அணிகளை மெழுகிலேயே செதுக்குவர். பின்னர் காவிரிப் படுகையின் நுண்ணிய வண்டலைக் குழைத்து முதற் பூச்சாக இடுவர்; மெழுகின் ஒவ்வொரு கீறலையும் பற்றிக்கொள்வது அந்த முதற் பூச்சே. அதன்மேற் களிமண் அடுக்குகள் ஏறும். பெரிய அச்சாயின் இரும்புக் கம்பியாற் கட்டுவர். அச்சு உலர்ந்தபின் அதனைச் சூடேற்ற, உள்ளிருந்த மெழுகு உருகி வெளியேறும். மெழுகிருந்த வெற்றிடத்திலே உருகிய உலோகம் வார்க்கப்படும். ஆறியபின் அச்சை உடைத்தால் உருவம் வெளிப்படும்.

இம்முறையில் இரண்டு பொருள்கள் அழிகின்றன. மெழுகுரு அழிகின்றது, மண் அச்சும் அழிகின்றது. ஆகவே ஒரு மெழுகுக்கு ஓர் உருவமே பிறக்கும். அதே தபதி அதே அளவுகொண்டு மறுபடியும் செய்தாலும் அது வேறோர் உருவமே. தாரையின் திருமேனி கடல்கடந்து சென்றபோது, அதன் இணை ஒன்று ஈழத்தில் எஞ்சியிராமைக்கு இதுவே காரணம். பொலன்னறுவையில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் எச். சி. பி. பெல் என்பாரின் அகழ்வுகளில் வெளிப்பட்ட நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய செப்புத் திருமேனிகளைக் குறித்து, அவை சோழ நாட்டில் வார்க்கப்பட்டு இங்கு வந்தனவா, இத்தீவிலேயே வார்க்கப்பட்டனவா என அறிஞர் வாதிட்டனர். அச்சு இருந்தாற் கேட்டறியலாம். அச்சோ வார்த்த அன்றே மண்ணோடு மண்ணாயிற்று.

அத்திருமேனிகளை ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிலே 1877இல் சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தராகப் பிறந்த அவர், இலங்கையின் வெண்கலப் படிமங்களைப் பற்றி 1914இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1908இல், மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலிற் கைவினைஞரின் தொழில் முறைகளை விரித்துரைத்தார். கலை அறிஞராகவே அவரைப் பலரும் அறிவர். ஆனால் அவர் முதலிற் கற்றது மண்ணியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக விளங்கியவர் அவர். 1900இல் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியது. மெழுகிலிருந்து வார்த்த திருமேனிகளையும், நிலத்தடியிற் கிடக்கும் காரீயத்தையும் ஒரே அறிஞர் ஆராய்ந்தார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் மெழுகுக்கும் காரீயத்துக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. அதனை அறிய மின்னின் வழியை நோக்குதல் வேண்டும்.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா மின்கலத்தை ஆக்கினார். அதன் பின்னரே இடையறாத மின்னோட்டம் மனிதனுக்குக் கைவந்தது. செம்பு கரைந்துள்ள நீர்க் கரைசலினூடே மின்னோட்டம் பாயும்போது, ஒரு முனையிலே தூய செம்பு படியக் கண்டனர். எவ்வளவு மின் பாய்கின்றதோ அதற்கு நேரான அளவு உலோகமே படியும் என்ற விதியை மைக்கேல் பரடே 1830களில் நிறுவினார். ஓர் அம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 4 கிராம் வெள்ளி படியும், செம்பாயின் 1.2 கிராமளவு படியும். தீயில்லை, துருத்தியில்லை, உருக்குவதுமில்லை. குளிர்ந்த நீரிலிருந்து உலோகம் அணுவணுவாக வந்து அமர்கின்றது.

இப்படிவை ஒரு கலையாக்கியவர் உருசிய நாட்டிலே பணிபுரிந்த மோரிற்சு யக்கோபி. செம்பு படிந்த தகட்டை அடியிலுள்ள பரப்பிலிருந்து பிரித்தெடுத்தபோது, அப்பரப்பின் நுண்ணிய கோடுகள் யாவும் தகட்டிற் பதிந்திருக்கக் கண்ட அவர், 1838இல் அதனைச் சென் பீற்றர்சுபேர்க்கு நகரத்து அறிவியற் கழகத்துக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலே தோமசு இசுப்பென்சர், யோர்டன் ஆகிய இருவரும் தாமும் அதனைக் கண்டதாக வெளியிட்டனர்.

ஆயினும் ஒரு பெருந்தடை இருந்தது. மின் பாயும் பொருளின்மேல் மாத்திரமே உலோகம் படியும். மெழுகோ மின்னைச் சிறிதும் கடத்தாதது. உருவத்தை ஏற்பதில் நிகரற்ற மெழுகு, உலோகத்தை ஏற்பதில் வாயடைத்து நின்றது. அத்தடையை நீக்கியது 1840இல் இலண்டனில் றொபேட் மறே என்பார் கண்ட ஓர் எளிய வழி. காரீயத்தை நுண்ணிய தூளாக்கி, மென்மயிர்த் தூரிகையால் மெழுகின்மேல் பூசினார். மெழுகின் உருவம் கெடவில்லை. பரப்பு முழுவதும் மின் கடத்துவதாயிற்று. காரீயம் என்பது ஈயத்தோடு உறவுடையதென்று பெயர் காட்டினும், அஃது ஈயமன்று. கரியின் ஒரு வடிவம். பென்சிலின் நடுவே இருப்பது அதுவே.

அக்காரீயம் இலங்கையின் மலைப் பகுதிகளில், பாறைப் பிளவுகளிலே தூய படைகளாகக் கிடக்கின்றது. இவ்வளவு தூய்மையான படைக்காரீயம் உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. கேகாலையைச் சார்ந்த போகலையும், குருநாகலைச் சார்ந்த ககட்டகாவும் அதற்குப் பெயர்பெற்ற சுரங்கங்கள். 19ஆம் நூற்றாண்டிற் கப்பல் கப்பலாக அது மேலை நாடுகளுக்குச் சென்றது. பெரும்பகுதி சென்றது உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கே. இலண்டன் பற்றசீயில் மோகன் சகோதரர்கள் நிறுவிய ஆலையும், அமெரிக்காவிலே யோசேப்பு டிக்சனின் ஆலையும் இலங்கைக் காரீயத்தை வாங்கிய பெருநிறுவனங்கள். ஆகவே தீயின் வழியிலும் காரீயத்துக்கு இடமுண்டு. மின்னின் வழியிலும் இடமுண்டு. ஒன்றிலே அது பொன்னை உருக்கும் கலம். மற்றதிலே பொன் வந்து அமரும் போர்வை. இத்தீவு தன் காரீயத்தை மண்ணாகவே விற்று, அதனால் ஆன பண்டங்களை விலைகொடுத்து வாங்கி வந்தது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

மின்வார்ப்பின் நடைமுறையைச் சுருங்கக் காணலாம். பழைய நாணயம் ஒன்றின் படி வேண்டுமாயின், அதன்மேல் இளகிய மெழுகை அழுத்தி எதிருருவாகிய அச்சை எடுப்பர். அச்சின் உட்பரப்பிலே காரீயத்தைப் பூசி, கம்பியொன்றை இணைத்து, செப்புச் சல்பேற்றும் கந்தகவமிலமும் சேர்ந்த கரைசலில் தொங்கவிடுவர். எதிரே ஒரு செப்புத் தகடு நிற்கும். மின்னோட்டம் பாயப் பாயத் தகடு கரையும். அச்சின்மேற் செம்பு படியும். கைப்பரப்பளவாகிய 100 சதுர சென்ரிமீற்றருக்கு ஓர் அம்பியர் வீதம் செலுத்தினால், ஒரு மில்லிமீற்றர் தடிப்புப் படிய மூன்று நாளுக்குச் சற்று மேலாகும். அவசரப்பட்டு மின்னைக் கூட்டினால் உலோகம் கரடுமுரடாகவும் பொடியாகவும் படியும். பொறுமையே இத்தொழிலின் முதல். போதிய தடிப்பு ஏறியபின் மெழுகைப் பிரித்தெடுத்தால், நாணயத்தின் ஒவ்வொரு தேய்வும் கீறலும் செம்பிலே அப்படியே தோன்றும். மூல நாணயம் பழுதின்றி இருக்கும்.

வெள்ளியிலும் பொன்னிலும் படிவிக்க வேண்டுமாயின் இடர் மிகும். பேர்மிங்காம் நகரத்து மருத்துவர் யோன் றைற்று, பொற்றாசியஞ் சயனைட்டுக் கரைசலிலிருந்து வெள்ளியும் பொன்னும் செம்மையாகப் படியும் எனக் கண்டார். அம்முறையை ஏற்ற எல்கிங்ரன் குடும்பத்தார் 1840இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றனர். ஆனால் சயனைட்டுக் கரைசல் காரத்தன்மையுடையது. தேன்மெழுகை மெல்ல அரிக்கக்கூடியது. பொற்கரைசல்கள் பலவும் 50 பாகைக்கு மேல் சூடாக்கினால்தான் நன்கு தொழிற்படும். அச்சூட்டிலே மெழுகு இளகி உருக்குலையும். கல்முனைக் கரையிலே நண்பகல் வெப்பமே 30 பாகையைத் தாண்டுவதுண்டு. அந்நிலையிற் கரைசலைச் சூடாக்குதல் மெழுகைக் கைவிடுவதாகவே முடியும். அதனால் தொழிலாளர் ஒரு படிமுறையைக் கைக்கொண்டனர். முதலிற் குளிர்ந்த அமிலக் கரைசலிலே மெல்லிய செப்புப் போர்வை ஒன்றை மெழுகின்மேல் ஏற்றுவர். அப்போர்வையே பின்னர் அரிய உலோகத்தைத் தாங்கும். மெழுகைக் காப்பதற்காக வெப்பத்தைத் தாழ்த்துதலே இத்தொழிலின் நுட்பம். சயனைட்டோ கொடிய நஞ்சு. அமிலத்தோடு அது கலப்பின் உயிர்கொல்லும் வாயு எழும். பயிற்சியும் தக்க பாதுகாப்பும் உள்ள தொழிற்சாலைக்கே அது உரியது. வீட்டு முற்றத்துக்கு உரியதன்று.

பழைய முலாம் முறையும் நஞ்சற்றதன்று. பொன்னை இரசத்தோடு கலந்து பூசித் தீயிற் காட்டி, இரசத்தை ஆவியாக்குதல் அம்முறை. சென் பீற்றர்சுபேர்க்கு நகரத்தில் 1858இல் நிறைவெய்திய சென் ஐசாக்கு பேராலயத்தின் குவிமாடத்துக்கு அவ்வாறே பொன் முலாம் இட்டபோது, இரச ஆவியினால் தொழிலாளர் பலர் மாண்டனர். அதே ஆலயத்தின் குவிமாடத்தைச் சூழ நிற்கும் தேவதூதர் உருவங்களோ யக்கோபியின் மின்வார்ப்பு முறையாற் செய்யப்பட்டவை. ஒரே கட்டடத்திலே பழைய வழியும் புதிய வழியும் அருகருகே நிற்கக் காணலாம்.

புதிய வழி விரைவிற் பரவியது. அச்சுக்கூடங்கள் அதனைக் கைக்கொண்டன. கோத்த எழுத்துகளை மெழுகிலே பதித்து, காரீயம் பூசி, செம்பு படிவித்து எடுத்த தகடுகளைக் கொண்டு பல்லாயிரம் படிகள் அச்சிட்டனர். பிரித்தானிய நூதனசாலையில் றொபேட் றெடி என்பார் அரிய கிரேக்க நாணயங்களின் மின்படிகளை ஆக்கினார். தாம் செய்தவை மூலமென்று விலைபோகாதிருத்தற் பொருட்டு, அவற்றில் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பொறித்தார். அச்செயல் கருதத்தக்கது. படி எவ்வளவு திறம்பட அமைகின்றதோ, அவ்வளவுக்கு அது படியே என்று சொல்லும் நேர்மையும் வேண்டும்.

நேர்மை பற்றிய இவ்வினா பொன்னணிகளைச் சாரும்போது இன்னும் கூர்மையாகின்றது. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோரத்திலே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வழக்கத்தைப் பேணி வந்தனர். வீடும் நகையும் பெண்ணுக்கே உரியன. மகளுக்கு அளிக்கும் நகை அழகுப் பொருள் மாத்திரமன்று. பயிர் பொய்த்த ஆண்டிலும் நோய் வந்த வேளையிலும் குடும்பத்தைக் காக்கும் வைப்பும் அதுவே. இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 2 கன சென்ரிமீற்றர் பருமனுள்ள ஒரு பதக்கத்தைத் தூய பொன்னிற் கனமாக வார்த்தால் அதன் எடை ஏறத்தாழ 38 கிராம். அஃதாவது ஐந்து பவுணுக்குச் சற்றே குறைவு. அதே பதக்கத்தின் மேற்பரப்பு 10 சதுர சென்ரிமீற்றர் எனக் கொண்டு, மெழுகின்மேல் ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு தடிப்புக்குப் பொன்னைப் படிவித்து, மெழுகையும் செப்புப் போர்வையையும் நீக்கிவிட்டால், எடை 2 கிராமுக்கும் குறைவு, காற் பவுணே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கைக்கும் தராசுக்கும் ஒன்றல்ல.

இதனாற் பொள்ளல் அணி பொய்யான அணி என்று கொள்ளலாகாது. குறைந்த பொருளில் நிறைந்த அழகைத் தருவதால், ஏழைக் குடும்பத்துக்கு அது பெரும் உதவி. ஆனால் நசுங்கினால் அதனை நிமிர்த்துவது கடினம். தட்டாரின் ஊதுகுழல் தீக்கு முன்னே மெல்லிய சுவர் தாங்காது. அடகு வைக்கும் நாளில் அதன் எடையே அதன் விலை. வாங்குவோர் எடையையும் முறையையும் கேட்டறிந்து வாங்குவாராயின் தீங்கில்லை. விற்போர் அதனை மறைப்பாராயின், பெண்ணின் வைப்பே வெறுங்கூடாகி விடும்.

படியின் பயனும் அதன் எல்லையும் திருவுருவங்களைக் காக்கும் பணியிலே தெளிவாகப் புலப்படும். 1990ஆம் ஆண்டில் வீரமுனை மக்கள் கொடுஞ் சாவுகளையும் இடப்பெயர்வையும் கண்டனர். கோயிலையும் வீடுகளையும் விட்டு அகல நேர்ந்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது கல்முனை, மருதமுனை முதலிய கரையூர்கள் மனிதரையும் மனைகளையும் இழந்தன. அத்தகைய நாட்களில் உயிரே முதல், பொருள் பின். எனினும் துயரம் தணிந்து ஊர் திரும்பியோர் தேடுவது, தம் முன்னோர் தந்த பொருள்களையே. ஒன்றே ஒன்றாக இருந்த பொருள் போயின், அதன் உருவமும் உடன் போய்விடுகின்றது. ஓர் ஊரின் பழைய நாணயங்களுக்கும், செப்பேடுகளுக்கும், முன்னோர் அணிந்த அணிகளுக்கும் மின்வார்ப்பினாற் படி எடுத்து வேறிடத்தில் வைத்திருந்தால், மூலம் மறைந்தாலும் உருவம் எஞ்சும்.

ஆனால் மின்வார்ப்பு புதிய உருவம் ஒன்றைத் தானே படைக்காது. முன்னே உள்ளதை அது திரும்பச் சொல்லும், அவ்வளவே. தாரையின் இடையின் வளைவு எவ்வாறு அமைய வேண்டும் என்று முடிவுசெய்தது மின்னன்று. மெழுகைத் தொட்ட விரல். தீயின் வழியிலே ஒவ்வொரு வார்ப்பும் ஒரு புதிய பிறப்பு. தவறினால் முழுவதும் தவறும், ஆதலாற் கை விழிப்போடு இருந்தது. மின்னின் வழியிலே மூலம் இருந்தால் நூறு படி எடுக்கலாம். மூலம் இல்லையேல் ஒன்றும் எடுக்க இயலாது. படி எடுக்கும் கருவியைப் பெற்றுவிட்டோம் என்று கைவினைஞரைக் கைவிடும் சமுதாயம், சிறிது காலத்திற் படியெடுப்பதற்கும் பொருளற்றுப் போகும்.

ஆகவே இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. உள்ளதைக் காப்பதற்கு மின்னின் வழி. இல்லாததை ஆக்குவதற்குத் தீயின் வழி. முன்னதற்கு வேண்டிய காரீயம் இத்தீவின் நிலத்திலே உண்டு. பின்னதற்கு வேண்டிய மரபு பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இன்னும் முற்றாக அற்றுவிடவில்லை. பாடசாலை ஆய்வுகூடத்திலே ஒரு மின்கலமும், சிறிது செப்புச் சல்பேற்றுக் கரைசலும், காரீயம் பூசிய மெழுகுத் துண்டும் இருந்தால், ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர் ஒரு பழைய சதக்காசின் படியை எடுத்துவிடலாம். அதற்கு நஞ்சும் வேண்டா, பெருந்தீயும் வேண்டா. அதன்பின் அதே மாணவருக்கு ஒரு பிடி மெழுகைக் கொடுத்து, யாரும் இதுவரை செய்யாத ஓர் உருவைச் செய்துவரச் சொல்லுதல் வேண்டும். முதலாவது பாடம் சில நாளில் முடிந்துவிடும். இரண்டாவது பாடத்துக்கு ஆண்டுகள் பல ஆகும்.